பெயர்த்து வைக்கும் மரவீடுகள் (நியூசிலாந்து)

பழைய மரவீட்டை இடிக்காமல் தூக்கி, லாரியில் ஏற்றி, வேறொரு மனையில் கொண்டுபோய் வைப்பது நியூசிலாந்தில் நூறாண்டுக்கும் மேலான வழக்கம். நின்ற இடத்திலேயே வீட்டை உயர்த்தி, உளுத்துப்போன அடித்தூண்களை மாற்றுவது இதன் உடன்பிறந்த தொழில். இவ்வீடுகளுக்குத் தரையோடு பிணைந்த அஸ்திவாரம் கிடையாது. மண்ணில் நட்ட குட்டைத் தூண்களின்மேல் உத்தரங்களும், அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்களும், அதன்மேல் பலகைத் தளமுமாக வீடு நிற்கிறது. இரண்டு தொழில்களும் இந்த அமைப்பிலிருந்தே பிறந்தன.

கடல் தாண்டி வந்த வீடுகள் இந்நாட்டில் தொடக்கத்திலேயே உண்டு. வைதாங்கியில் பிரித்தானியப் பிரதிநிதி ஜேம்ஸ் பஸ்பி குடியிருந்த வீட்டின் சட்டங்கள் சிட்னியில் அறுத்துத் தயாராகிக் கப்பலில் வந்து, 1833–34இல் பூட்டப்பட்டன. 1840இல் மாவோரித் தலைவர்களும் பிரித்தானிய அரசும் வைதாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அந்த வீட்டை ஒட்டிய வெளியில்தான்.

மரத்தின் பக்கம் மக்களைத் திருப்பியதில் நிலநடுக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1848இலும் 1855இலும் வெலிங்டனை உலுக்கிய அதிர்வுகளில் செங்கல் கட்டடங்கள் விழுந்தன, மரக் கட்டடங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. 1876இல் எழுந்த வெலிங்டன் அரசு அலுவலகம்கூட, வெளித்தோற்றத்துக்குக் கல் போலச் செதுக்கப்பட்ட மரக் கட்டடமே. ஏறத்தாழ 1880 தொடங்கி முதல் உலகப் போர்வரை கட்டப்பட்ட ‘வில்லா’ வீடுகளும், அவற்றையடுத்து வந்த ‘பங்களா’ வகையும், 1937 முதல் அரசு கட்டிய வாடகை வீடுகளும் இதே வழியில் வந்தவை. சுவருக்குப் பெரும்பாலும் பலகை, வில்லாக்களின் கூரைக்கு நெளித் தகடு. எடை குறைவு என்பதால்தான் இவற்றைத் தூக்க முடிந்தது.

வில்லாக்களின் மரம் பெரும்பாலும் கவுரி. வடக்குத் தீவின் வடபகுதிக் காடுகளில் பல நூற்றாண்டு வளர்ந்த அம்மரங்களில் மிகப் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் வெட்டித் தீர்ந்தது. எஞ்சியவற்றுள் முக்கியமான வைபோவா காடு 1952இல் காப்பகமானது. அந்தத் தரத்தில் பலகை இனி அறுக்கக் கிடைக்காது. ஆகவே ஒரு வில்லாவைப் பொக்லைன் வைத்து நொறுக்குவது, அழிந்த காட்டை இரண்டாம் முறை அழிப்பதாகும்.

தூண்களுக்கு டோட்டாரா, பூரிரி போன்ற வைரம் பாய்ந்த மரங்களையே தேர்ந்தார்கள். ஆனாலும் மண்ணும் காற்றும் சந்திக்கும் தரைமட்டத்தில் ஈரம் தங்கி, எழுபது எண்பது ஆண்டுகளில் தூண் அங்கே மெலிந்துவிடும். நோயின் அறிகுறிகள் மேலே தெரியும்: தளம் ஒரு பக்கம் சரியும், கதவு நிலையில் உரசும், சன்னல் இறுகும். ஒரு தலைமுறை கதவை இழைத்து இழைத்துச் சமாளித்திருக்கும். தூண் மாற்றுவோர் தளத்துக்கடியில் ஊர்ந்து சென்று, உத்தரங்களுக்கு ஜாக்கி கொடுத்து, வீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்துகிறார்கள். பழைய தூண்களை வரிசையாகப் பிடுங்கிவிட்டு, மருந்தேற்றிய பைன் தூண்களையோ கான்கிரீட் தூண்களையோ நட்டுக் காரை ஊற்றுகிறார்கள். உத்தரத்தோடு தூணைப் பிணைக்கத் துத்தநாகம் பூசிய கம்பியும் பட்டையும் வேண்டும். இந்தப் பிணைப்பை அலட்சியம் செய்த பழைய வீடுகள், நிலம் ஆடும்போது தூணைவிட்டு நழுவும் ஆபத்தில் இருக்கின்றன. 1978இல் முதலில் வெளியான மரக் கட்டுமானத் தரநெறி பக்கவாட்டு விசையைத் தாங்கும் தூண்களை வரையறுத்தது. தளத்துக்கடியில் காற்றோட்டம் வேண்டும் என்பதையும் அது அளவோடு சொல்கிறது: ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்துக்கும் 3,500 சதுர மில்லிமீட்டர் திறப்பு.

வீட்டை நகர்த்துவதும் இதே ஜாக்கியில்தான் தொடங்குகிறது. முதலில் செங்கல் புகைபோக்கியைக் கலைக்க வேண்டும், அது பயணம் தாங்காது. பெரிய வீடானால் இரண்டாகவோ மூன்றாகவோ அறுப்பார்கள். மின்கம்பிகளுக்கும் பாலங்களுக்கும் இடம்விட வேண்டுமென்றால் கூரையையும் கழற்றுவார்கள். போக்குவரத்து அடங்கிய இரவில், வழிகாட்டி வண்டிகள் முன்னும் பின்னும் வர, டிரெய்லர் கிளம்பும்.

தெற்குத் தீவின் நீர்மின் திட்டங்கள் இந்தத் தொழிலுக்குப் பெரிய களமாயின. பென்மோர் அணைக்காக ஒட்டெமட்டாட்டாவில் எழுந்த தொழிலாளர் குடியிருப்பின் வீடுகள் பல, அடுத்த திட்டம் வந்தபோது டுவைசல் ஊருக்குப் போயின. தற்காலிக ஊராகத் திட்டமிடப்பட்ட டுவைசலைக் கலைக்க விடாமல், 1983இல் அதன் மக்களே போராடித் தக்கவைத்துக்கொண்டார்கள்.

எல்லாப் பெயர்ப்பும் நல்லதல்ல. ஆக்லாந்தின் கிளென் இன்னஸ் பகுதியில் மறுகட்டமைப்புக்காக அரசு வீடுகள் தூக்கிச் செல்லப்பட்டபோது, நீண்டகாலம் அங்கே வாடகைக்கு இருந்த குடும்பங்கள் 2012இல் தெருவில் இறங்கின. வீட்டுக்கு வேறு மனை கிடைத்துவிடும். அக்கம்பக்கத்து உறவை டிரெய்லரில் ஏற்ற முடியாது. அந்தக் குடும்பங்களின் கோபம் நியாயமானது.

2010 செப்டம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் கேன்டர்பரி நிலநடுக்கங்கள் இவ்வீடுகளின் வலுவையும் மெலிவையும் ஒருசேரக் காட்டின. இரண்டாவது அதிர்வு 185 உயிர்களைப் பலிகொண்டது. கிறைஸ்ட்சர்ச்சில் மண் குழம்பிய பகுதிகளில் புகைபோக்கிகள் விழுந்தன, தளங்கள் சாய்ந்தன. ஆயினும் தூண்மேல் நின்ற இலேசான வீடுகளை மட்டம் சரிசெய்வது, ஒற்றைக் கான்கிரீட் தளத்தில் கட்டிய புதிய வீடுகளைவிடப் பெரும்பாலும் எளிதாக இருந்தது. மக்கள் வெளியேற்றப்பட்ட சிவப்பு மண்டலத்தில் ஏறத்தாழ 8,000 வீடுகள் இருந்தன. பெரும்பாலானவை இடிக்கப்பட்டன, சில மட்டுமே வாங்கப்பட்டு வேறிடம் சென்றன. இன்னும் நிறையக் காப்பாற்றியிருக்கலாம்.

இன்று 2004ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி, பெயர்த்த வீட்டைப் புது மனையில் நிறுத்த ஒப்புதல் வேண்டும். வெளிப்புறத்தைக் குறித்த காலத்துக்குள் செப்பனிடுவதற்கு உறுதியாகப் பிணைத்தொகை கேட்கும் உள்ளூராட்சிகளும் உண்டு. பழைய வீடு வாங்குவோர் முதலில் டார்ச் எடுத்துக்கொண்டு தளத்துக்கடியில் பார்க்க வேண்டும். தூண் வேலை முடியும்வரை சுவருக்கு வண்ணமோ சமையலறைக்குப் புது ஓடோ வேண்டாம். வீட்டை உயர்த்தி மட்டம் பார்க்கும்போது பூச்சு விரிசல் விடும், ஓடு உடையும்.