கிரியேட்டினின் ‘நார்மல்’ என்றால் சிறுநீரகம் நலமா? ஜொகூர்த் தமிழரை முன்வைத்து

மேற்கு மலேசியாவில் 2011-ல் பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று, நூற்றுக்கு 9.07 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டது. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர் ஹூய் லாய் சியோங் முதல் ஆசிரியராக இருந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2013-ல் வெளிவந்தன. மேற்கோளாக எடுத்தாளப்படுவது பெரும்பாலும் 9.07 என்ற அந்த ஒற்றை விழுக்காடுதான். ஆனால் அதன் உட்பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. முதல் நிலையில் 4.16, இரண்டாம் நிலையில் 2.05, மூன்றாம் நிலையில் 2.26, நான்காம் நிலையில் 0.24, ஐந்தாம் நிலையில் 0.36 விழுக்காட்டினர். முதல் இரண்டு நிலைகளில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியிருக்காது. அதாவது, நோயுள்ளவர்கள் எனக் கண்டறியப்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினரை இரத்தப் பரிசோதனை மட்டும் பிடித்திருக்காது. அவர்களைக் காட்டிக்கொடுத்தது சிறுநீரில் கசிந்த அல்புமின் என்ற புரதம். நோயிருப்பது தமக்கே தெரிந்திருந்தவர்கள் நூற்றுக்கு நால்வர். 2018-ல் மீண்டும் பார்த்தபோது நோயின் பரவல் 15.48 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஐவர் மட்டுமே.

இந்த அறியாமைக்கு வறுமை, தூரம், அச்சம் எனப் பல காரணங்கள் சொல்லலாம். அவற்றோடு நாம் போதிய கவனம் தராத இன்னொன்றும் உண்டு என்பது என் வாதம். கிரியேட்டினின் என்ற ஒரே எண்ணை, வயதும் உடல்வாகும் சிறுநீர்ப் பரிசோதனையும் சேர்க்காமல், தீர்ப்புப் போல வாசித்துவிடுகிறோம். மெலிந்த உடலும் மிகுந்த நீரிழிவும் கொண்ட தமிழ் முதியோரிடம் இந்த வாசிப்பு கூடுதலாகத் தவறும்.

கிரியேட்டினின் தசையில் பிறக்கும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டல் குறைந்தால் இரத்தத்தில் தேங்குகிறது. காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அது செம்மஞ்சள் நிறம் தருவதை 1886-ல் மாக்ஸ் யாஃபே கண்டார். அந்த நிறமாற்றத்தை அடிப்படையாகக் கொண்ட முறை இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. ஆனால் இரத்தத்தில் உள்ள அளவு இரண்டு காரணிகளால் அமைகிறது: எவ்வளவு உற்பத்தியாகிறது, எவ்வளவு வெளியேறுகிறது. தசை குறைந்தவரிடம் உற்பத்தியே குறைவு. சிறுநீரகம் பாதி பழுதானாலும் எண் இயல்பு எல்லையைத் தாண்டாமல் போகலாம். மேலும், வடிகட்டும் திறன் 120-லிருந்து 60-க்குச் சரியும்போது கிரியேட்டினின் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தொடக்கத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோமோல் இருந்தவருக்கு அந்த இரட்டிப்பு 100 என்றாகும். பல ஆய்வுக்கூடங்களின் ஆண்களுக்கான இயல்பு எல்லைக்குள் அது அடங்கிவிடும்.

அந்த 100-ஐயே எடுத்துக்கொள்வோம். பாசிர் கூடாங் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் 30 வயது இளைஞருக்கும், லாபிஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கி ஓய்வுபெற்ற 65 வயது அம்மாவுக்கும் கிரியேட்டினின் லிட்டருக்கு 100 மைக்ரோமோல் என்று அறிக்கை வருவதாகக் கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிடும் 2009-ஆம் ஆண்டின் சிகேடி-எபி சூத்திரத்தில் இட்டால் இளைஞருக்கு 87 வருகிறது, அம்மாவுக்கு 51. ஒருவருக்கு ஏறக்குறைய இயல்பு. மற்றவருக்கு, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மூன்றாம் நிலை நோய். சூத்திரத்தின் விடையை அறிக்கையில் தேடாமல் கிரியேட்டினினை மட்டும் பார்ப்பவர், இருவரையும் ஒரே வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பக்கூடும்.

அலகிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மலேசிய ஆய்வுக்கூடங்கள் மைக்ரோமோலில் எழுதுகின்றன, இந்தியாவில் மில்லிகிராம். லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல் என்பது டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சமம். தமிழ்நாட்டு மருத்துவர் காணொளியில் 1.2 என்று சொல்வதைக் கேட்டுவிட்டுத் தன் அறிக்கையில் 106 என்று பார்க்கும் ஜொகூர்க்காரர் நடுங்கிப்போனால் அது இயல்பே. இரண்டும் ஒன்றுதான்.

சூத்திரமும் எல்லாருக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதில்லை. 1976-ல் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் தந்த சூத்திரம் 249 கனடா நோயாளிகளிடமிருந்து உருவானது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பின்னால் வந்த சூத்திரங்கள் அமெரிக்காவை மையமாகக் கொண்டு பல ஆயிரம் பேரிடமிருந்து உருவாக்கப்பட்டன. தெற்காசியர் அவற்றில் மிகக் குறைவு. கராச்சியில் இனுலின் என்ற பொருளைச் செலுத்தி வடிகட்டலை நேரடியாக அளந்த குழுவினர், சிகேடி-எபி விடை உண்மையைவிடக் கூடுதலாக வருகிறது எனக் கண்டு, 2014-ல் அதற்கொரு திருத்தம் முன்வைத்தார்கள். சண்டிகர் ஆய்வாளர்களும் இதே திசையில்தான் பேசுகிறார்கள். தசை குறைவு, இறைச்சி குறைவான உணவு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கராச்சியின் முடிவை அப்படியே குளுவாங்குக்கோ சிகாமாட்டுக்கோ பொருத்திவிட முடியாது. ஆயினும் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனியுங்கள்: நோயை மறைக்கும் பக்கம்.

இங்கேதான் நீரிழிவு வந்து சேர்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியரிடம் 31.4 விழுக்காடு. நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும்போது பல நேரங்களில் முதலில் தெரிவது அல்புமின் கசிவு. கிரியேட்டினின் பல ஆண்டுகள் கழித்தே அசையும். சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 3 மில்லிகிராம்/மில்லிமோல் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை. ஒரு குப்பி சிறுநீர் போதும். சுகாதார அமைச்சின் 2018 வழிகாட்டியும் நீரிழிவு உள்ளவருக்கு ஆண்டுதோறும் இரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்க்கச் சொல்கிறது. ஆகவே குறை கொள்கையில் இல்லை. சிறுநீர்க் குப்பியைத் திருப்பித் தராமல் வீடு திரும்பும் நோயாளியிடமும், அதைக் கேட்டு வாங்க நேரமில்லாத கவுன்ட்டரிடமும் இருக்கிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. இப்படித் துருவித் துருவிப் பார்த்தால், வயது காரணமாக வடிகட்டல் சற்றுக் குறைந்த முதியவரையெல்லாம் நோயாளி ஆக்கிவிடுவோமே என்பார்கள். நியாயமான அச்சம்தான். சோதனைக்கு முன்னிரவு வயிறாரச் சாப்பிட்ட ஆட்டிறைச்சி, உடலில் நீர் வற்றியிருப்பது, டிரைமெத்தோப்ரிம் போன்ற மருந்து எல்லாமே எண்ணைச் சிறிது காலத்துக்கு உயர்த்தும். அறிக்கையில் வரும் இன்னொரு கழிவான யூரியாவோ உணவுக்கும் நீர்ச்சத்துக்கும் இன்னும் எளிதில் ஆடும். இதனால்தான் மூன்று மாத இடைவெளியில் மறுசோதனை வேண்டும் என்கிறது நோயின் வரையறை. ஒரே அறிக்கையை வைத்து யாரையும் நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. அதே அளவு உறுதியோடு, ஒரே அறிக்கையை வைத்து யாரையும் நலமானவர் என்றும் அனுப்பக் கூடாது.

எண்ணைத் தனியாக வாசிப்பதன் தீங்கு எதிர்த்திசையிலும் நேர்கிறது. பெரிண்டோப்ரில், லோசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 30 விழுக்காடு வரையிலான ஏற்றம் பொதுவாக ஏற்கத்தக்கது. வடிகட்டிக்குள் அழுத்தம் தணிவதன் விளைவு அது. இதை விளக்க ஆளில்லாதபோது ‘மருந்து கிட்னியைக் கெடுக்கிறது’ என்று நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே கைவிட்டுப் போகிறது. மலேசிய நோயாளிகளும் பங்கேற்று 2022-ல் வெளிவந்த எம்பா-கிட்னி ஆய்வுக்குப் பிறகு இன்னொரு வகை மருந்தின் பயனும் உறுதியாகியிருக்கிறது. முன்கூட்டியே கண்டறிவதால் என்ன பயன் என்ற பழைய கேள்விக்கு இன்று இடமில்லை.

மேலே சொன்ன அம்மாவின் 51-ஐ என்ன செய்வது? மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம். கூடவே சிறுநீர் அல்புமின். அல்புமின் இல்லாமல் எண் 45-க்கும் 59-க்கும் இடையில் நின்றால் இரத்தத்தில் சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தைப் பார்க்கலாம். அது பெரும்பாலும் தசையைச் சாராதது. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதைக் குழப்பும் என்றாலும், மெலிந்த முதியவரிடம் கிரியேட்டினினைவிட நம்பகமானது. 2024-ஆம் ஆண்டின் உலகளாவிய கேடிகோ வழிகாட்டி, கிடைக்கும் இடங்களில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது. அவருக்கு நீரிழிவும் இருந்தால் இந்தக் கணக்கு உடனடியாகத் தேவைப்படும்: 45-க்குக் கீழே மெட்ஃபார்மின் அளவைக் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும்.