முழங்காற் காயமும் ஒரு நாட்பேரும்

கந்தப்பளையைச் சூழ்ந்த தேயிலை மலைகள் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தை ஒட்டி நிற்பவை. காலை மூடுபனியில் நனைந்த கானோரங்களில் ஒரு முறையேனும் வழுக்கி விழாத கொழுந்துக்காரியைக் காண்பது அரிது. முழங்கால் கல்லில் மோதும், தோல் உரியும், சற்றே வீங்கும். கூடையை இறக்கி வைத்துத் தடவிவிட்டு, அவள் மீண்டும் நிரையிலே போய் நிற்பாள். மறுநாள் விடியற்காலையிலேதான் கேள்வி பிறக்கிறது: மருந்துக்குப் போவதா, மலைக்குப் போவதா?

நேயர்களே, மிகச் சிறியதாய்த் தோன்றும் இக்கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். அந்நெடுவழியிலே காலிற் புண்பட்டுப் பின்தங்கியவன் தோட்டத்தை அடைவது ஐயத்துக்குரியதாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ உதவி வேண்டும் என்று 1872ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் வாய் திறந்தது. பின்னர்ச் சில திருத்தங்கள் வந்தன. அவற்றையெல்லாம் கடந்து 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்துக்கு வருவோம். நம் கேள்விக்கு விடை அங்கேதான் ஒளிந்து கிடக்கிறது.

அச்சட்டம் தோட்டத்துரைக்குப் பல கடமைகளை விதித்தது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல் வேண்டும். நோயுற்றோர் யார் யார் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். கடும் நோயோ விபத்தோ நேரின் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைப்பித்தல் வேண்டும். நல்ல விதிகளே. ஆனால் நோயாளிக்கு உடனடியாகச் செய்யும் உதவி எதுவென்பதை, துரை தமக்குத் தக்கதெனத் தோன்றியவாறு தீர்மானிக்கலாம் என்றும் அதே சட்டம் கூறிற்று. எது கடுமையானது, எது அற்பமானது என்பதை அளந்தவரும் நடைமுறையில் அவரே. அவருக்கு முன்னே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நின்றனர். முழங்காலுக்கு உரியவளை எவரும் கேட்டதாகச் சட்டத்தில் இடமில்லை.

அவள் தானே தீர்மானிக்கலாம் என்றாலும், குறுக்கே நின்றது 'பேர்'. செக்ரோலில் ஒருவர் பெயருக்கு நேரே விழும் ஒரு நாட்கணக்கையே தோட்டத்தார் பேர் என்பர். பெரட்டுக்களத்துக்கு வராவிட்டால் பேர் இல்லை. பாதியில் திரும்பினால் அரைப்பேர். டிஸ்பென்சரி வாசலிற் காத்திருக்கும் நேரம் சம்பளத்திலிருந்து கழியும் நேரம். ஆகவே முதல் வைத்தியம் லயத்திலேயே நடந்தது: புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிய பற்று, மஞ்சள், வேப்பெண்ணெய், அதற்கும் அடங்காவிடின் சுளுக்கு வழிப்பவர். இவற்றை இகழ்பவன் அல்லேன். ஆயினும் எலும்பு பிளந்த காலைச் சுளுக்கென்று எண்ணி வழிப்பதனால் விளையும் கேடு பெரிது.

அதனினும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. கந்தப்பளையோ தேயிலைக்கு மட்டுமன்றி மரக்கறிக்கும் பெயர்போன ஊர். எருவிடாத பாத்தி இங்கே ஏது? உரிந்த தோல் ஆறிவிட்டதென்று மறந்திருக்கும் வேளையில், சில நாள்கள் கழித்தோ இரண்டு மூன்று வாரங்கள் கழித்தோ தாடை இறுகும். இந்நோய்க்கு எதிர்நஞ்சு உண்டு என்பதை பேரிங் என்னும் ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானியரும் 1890இல் வெளியிட்டனர். அந்த அறிவு உலகில் இருந்தும், ஒருநாட் பேருக்கு அஞ்சிப் புண்ணை மறைத்தவர்க்கு அதனால் என்ன பயன்?

1934ஆம் ஆண்டில் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்றது. அங்கேயும் ஒரு வரம்பு: ஓரிரு நாளில் மாறிவிடும் சிறு காயங்கள் அதன் கணக்கில் வரவில்லை. நம் கொழுந்துக்காரியின் முழங்கால் மறுபடியும் வெளியே நின்றது.

பிற்காலத்துக் கூட்டு ஒப்பந்தங்களும் இக்கதையைச் சேர்ந்தவையே. 2013இல் நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. அதனோடு வரவுக் கொடுப்பனவு 140 ரூபா. வேலை நாள்களில் 75 சதவீதம் வந்தவர்க்கே அக்கொடுப்பனவு. மாதக் கடைசியில் வீங்கிய முழங்காலோடு மலையேறியவர் எதைக் கணக்கிட்டு ஏறினார் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. 2019 ஒப்பந்தத்திலே அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக உயர்ந்தபோது வரவுக் கொடுப்பனவு நீங்கியது.

முழங்காலடி பட்டவருக்கு எக்ஸ்ரே எப்போது தேவை என்பதற்குக் கனடாவின் ஓட்டாவா நகர மருத்துவர்கள் 1995இல் எளிய விதியொன்றை வகுத்தனர். வயது 55 அல்லது அதற்கு மேல், முழங்காற் சில்லை மட்டும் தொட்டால் நோவு, முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பின் தலையில் நோவு, காலைச் செங்கோணமாக மடக்க இயலாமை, நான்கு அடி எடுத்துவைக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் படம் எடுத்தல் வேண்டும். துரையின் கணிப்போ கங்காணியின் கண்ணோ இதற்குத் தேவையில்லை. காலுக்கு உரியவரே சோதித்துப் பார்க்கலாம். மண்பட்ட காயமாயின் விதி இன்னும் எளிது: சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாய் எப்போது போட்டதென்று கேட்டுக்கொண்டு மருந்துக்குப் போதல்.

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மாருட் சிலர் நொண்டியபடி வருவதுண்டு. "ஒண்ணுமில்லீங்க சார், ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாத்துட்டுப் போறேன்" என்பார்கள். விழுந்த இடத்திலிருந்து எத்தனை அடி நடக்க முடிந்தது என்றுதான் நான் முதலிற் கேட்கிறேன்.