பழைய விமானத்துக்கு இரண்டாவது கதவு

அட்டாளைச்சேனையிலிருந்து வயல்வெளியைக் கடந்து மேற்கே அம்பாறைக்குப் போய், அங்கிருந்து உகனைப் பக்கம் திரும்பினால் கல்லோயா விமானத்தளம் வரும். இன்று அது விமானப்படையின் கையில் இருக்கிறது. கல்லோயாத் திட்டம் இந்தப் பக்கத்து நிலத்தையும் நீரையும் மாற்றிப்போட்ட பிறகு, எயார் சிலோன் கம்பனியின் டக்கோட்டா விமானங்கள் பயணிகளோடு அங்கே இறங்கி ஏறின. டக்கோட்டாவின் இடப்புற விலாவில், வாலுக்குக் கிட்ட, ஒரு வாசல் உண்டு. அந்த வாசலின் கதை தெரிந்தால், பழைய சிறு விமானங்களைப் பற்றி இன்றும் நடக்கிற ஒரு வாதத்துக்குப் பதில் கிடைக்கும். ஒற்றைக் கதவோடு பிறந்த விமானத்துக்கு இன்னொரு கதவு வெட்டலாமா என்பதே அந்த வாதம். வெட்டினால் பழைமை கெடும், உடம்பு பலமிழக்கும் என்கிறார்கள் ஒரு சாரார். நான் மறுபக்கம் நிற்கிறேன். கதவைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும்தான் விமானங்கள் வளர்ந்து வந்திருக்கின்றன. ஒழுங்காகச் செய்து, செய்ததை எழுதியும் வைத்தால், புதுக் கதவும் அந்த விமானத்தின் வரலாற்றிலே சேர்த்திதான்.

1935 டிசம்பர் 17 அன்று முதன்முதல் பறந்த டி.சி.3தான் டக்கோட்டாவின் மூலம். அது பயணிகளுக்காகச் செய்யப்பட்டது. அதைக் கேட்டுச் செய்வித்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் விமானங்களுக்கு வாசலை வலப்புறம் வைக்கச் சொன்னது. மற்றக் கம்பனிகள் பெரும்பாலும் இடப்புறம் கேட்டன. அசல் டி.சி.3இன் கதவு எந்தப் பக்கம் என்ற கேள்விக்கே ஒற்றை விடை இல்லை. போர் வந்ததும் அதே உடம்பில் ஜீப் ஏற்ற வேண்டியிருந்தது. 1941இல் பறந்த சி-47இல் தரையைப் பலப்படுத்தி, இடப்புறப் பின்விலாவை அகலமாகத் திறந்து இரட்டைக் கதவு போட்டார்கள். பரசூட் வீரர்கள் குதிப்பதற்கென்று அந்தப் பெரிய கதவின் ஒரு பாதிக்குள்ளேயே சிறு கதவொன்றும் இருந்தது. போர் முடிந்து அவை சிவில் சேவைக்கு வந்தபோது பல கம்பனிகள் பெரிய கதவை நிரந்தரமாக மூடி, ஆள் ஏறும் அளவுக்கு மட்டும் வாசல் விட்டன. 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு எயார் சிலோனின் முதல் சேவை போனதும் இந்தக் குலத்து விமானத்தில்தான். அப்படி மாற்றப்பட்ட விமானத்தின் விலாவைக் கிட்ட நின்று பார்த்தால், மூடிய கதவின் விளிம்பு தகட்டிலே கோடாகத் தெரியும். அதற்காக அதை யாரும் போலி என்று தள்ளுவதில்லை.

சிறு விமானத்தில் இடமும் எடையும் இன்னும் நெருக்கடியானவை. 1930களின் பிற்பகுதியில் வந்த பைப்பர் ஜே-3 கப்பின் வெற்று எடை சுமார் 345 கிலோ. பெரும்பாலானவற்றில் 65 குதிரைவலு எஞ்சின். ஒவ்வொரு கிலோவையும் எண்ணிச் செய்த உடம்பு அது. அதனால் வலப்புறம் மட்டும் வாசல் வைத்தார்கள். மேல்பாதியைத் தூக்கிச் சிறகின் அடியில் கொழுவிவிடலாம், கீழ்பாதி வெளிப்பக்கம் மடிந்து தொங்கும். இருவர் முன்பின்னாக இருக்கிற விமானத்துக்கு அது போதும். நாலு பேர் ஏறும் விமானத்தில்தான் சிக்கல் தொடங்கியது. 1950ஐ ஒட்டி வந்த பைப்பர் பேசரிலும் 1951இன் ட்ரை-பேசரிலும் முன்னிருக்கைக்கு வலப்புறம் ஒரு கதவு, பின்னிருக்கைக்கு இடப்புறம் ஒரு கதவு. விமானியோ இடப்புறம் முன்னால் இருப்பவர். வலப்புறத்தால் ஏறி, பக்கத்து இருக்கையைத் தாண்டிப்போய் அமர வேண்டும். இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் இறங்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அந்த ஆள் காயப்பட்டுக் கிடந்தால் என்ன செய்வது? விமானம் வலப்புறமாகச் சரிந்து கதவு மண்ணில் அழுந்திவிட்டால்? இந்த வகைக்கு இடப்புற முன்கதவு வெட்டுகிறவர்கள் சொகுசுக்காக மட்டும் வெட்டவில்லை.

வெளியேறும் வழிக்காக விமானத்தின் வடிவத்தையே மாற்றிய முன்னுதாரணம் இதைவிடப் பழையது. ஜிப்சி மோத்தைப் பயிற்சி விமானமாக மாற்றும்போது டி ஹாவிலண்ட் கம்பனிக்கு ஒரு தொல்லை இருந்தது. முன்குழியில் இருப்பவருக்கு நேர் மேலே மேற்சிறகின் நடுப்பகுதியும் அதைத் தாங்கும் கம்பங்களும் நின்றன. பரசூட் கட்டிய ஆள் அவசரத்துக்கு அதற்குள்ளால் வெளியே வர முடியாது. கம்பங்களை முன்னே தள்ளினார்கள். அதோடு சிறகும் முன்னே போய்ச் சமநிலை குலைந்தது. அதைச் சரிக்கட்டச் சிறகுகளைப் பின்பக்கம் சாய்த்தார்கள். பக்கக் கதவுகளையும் பெரிதாக்கினார்கள். 1931 அக்டோபர் 26 அன்று பறந்த டைகர் மோத் இப்படித்தான் பிறந்தது. இன்று எல்லோரும் ரசிக்கிற அந்தச் சாய்ந்த சிறகு, ஒரு மனிதன் உயிரோடு வெளியேற வேண்டும் என்பதற்காக வந்தது. பழைமையின் பெயரால் கதவை மறுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பலம் குறையும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது, அதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். கப், பேசர் போன்றவற்றின் எலும்புக்கூடு உருக்குக் குழாய்களால் ஆனது. மேலே போர்த்தியிருப்பது துணி. நீளவாட்டில் ஓடும் நாலு பிரதான குழாய்களை நிமிர்ந்த குழாய்களும் மூலைவிட்டக் குழாய்களும் முக்கோணம் முக்கோணமாகக் கட்டி வைத்திருக்கின்றன. கதவு வேண்டிய இடத்தில் குறுக்கே கிடப்பது மூலைவிட்டக் குழாய். அதை வெட்டினால் முக்கோணம் நாற்கோணமாகும், நாற்கோணம் நெளியும். அந்த இடமோ முன்னால் எஞ்சினையும் மேலே சிறகையும் கீழே சில்லையும் சுமக்கிற இடம். வாலிலிருந்து வரும் முறுக்கலும் அங்கேதான் வந்து சேர்கிறது. இந்தக் கரையோரத்தில் மகளுக்கு வீட்டைப் பிரித்துக் கொடுக்கும்போது சுவரை உடைத்துப் புது வாசல் வைப்பார்கள். மேலே லின்டல் போடாமல் எந்த மேசனும் சுவரில் கைவைக்க மாட்டார். விமானத்திலும் வெட்டிய குழாயின் வேலையை ஏற்க வாசலைச் சுற்றிக் கனத்த சட்டமும், மூலைகளில் முக்கோணத் தகடுகளும் வெல்டிங் செய்யப்பட வேண்டும். வேலை முடியும்வரை உடம்பு அசையாமல் ஒரு தாங்கு சட்டத்தில் இறுகப் பூட்டியிருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் நெடுங்குழாய் சற்று வளைந்தாலும் சிறகின் கோணம் பிழைத்துவிடும். பாரம் எந்த வழியாகப் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்ட முடியாதவர் வாளை எடுக்கவே கூடாது. இந்த மட்டில் ஆட்சேபக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை.

சிலர் இன்னும் ஒரு படி போய்க் கொமெட் ஜெட் விமானத்தைக் காட்டுவார்கள். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கொமெட்கள் மத்தியதரைக்கடலில் விழுந்தன. உடம்பில் வெட்டிய திறப்புகளின் மூலையில் உலோகம் களைத்து வெடித்தது என்று பார்ன்பரோ ஆய்வு கண்டது. அந்தப் பாடம் பெரியது, ஆனால் இங்கே பொருந்தாது. கொமெட்டின் தகட்டுத் தோலே பாரத்தைச் சுமந்தது. ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கியது. துணி போர்த்திய சிறு விமானத்தில் அப்படியான அழுத்தமே கிடையாது. கப் விமானம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பறக்கும்.

மிஞ்சுவது பழைமை பற்றிய கேள்வி. காட்சிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்த விமானத்தை ஒருபோதும் வெட்டக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். இரத்மலானை விமானப்படை அரும்பொருட்காட்சியகத்தில் நிற்கும் சிப்மங், டவ் விமானங்களுக்கு இனி ஏறி இறங்க ஆள் இல்லை. அவை சாட்சிகள், சாட்சியைத் திருத்தக் கூடாது. ஆளை ஏற்றிக்கொண்டு இன்னும் பறக்கிற விமானத்தின் நிலை வேறு. அதன் துணி பலமுறை மாறியிருக்கும், எஞ்சின் மாறியிருக்கும், ரேடியோ புதிதாக வந்திருக்கும். இத்தனையையும் ஏற்றுக்கொண்டு கதவில் மட்டும் பழைமை பேசுவது நியாயமாகப் படவில்லை. அமெரிக்காவில் இப்படியான மாற்றத்துக்குத் துணை வகைச் சான்றிதழ் என்று ஒரு முறை இருக்கிறது. வரைபடம், கணக்கு, கூடிய எடை, மாறிய ஈர்ப்பு மையம் எல்லாம் எழுத்தில் ஏறி, விமானத்தின் பதிவேட்டோடு நிற்கும். பின்னால் வருகிறவர் எந்தக் குழாய் முதலில் இருந்தது, எது பிறகு வந்தது என்று அதிலிருந்து அறிந்துகொள்ளலாம், விரும்பினால் பழையபடி ஆக்கலாம்.

நம் பக்கத்தில் இல்லாமல் போனது இந்தப் பதிவுதான். கல்லோயாவில் டக்கோட்டா இறங்கியதைப் பார்த்தவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அந்த விமானத்தின் வாசலடியில் நின்று எடுத்த படமோ, பழைய பயணச்சீட்டோ அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கல்முனை வீடுகளின் அலுமாரிகளில் இருந்தால், அதை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொண்டுபோய், ஆண்டையும் இடத்தையும் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள்.