சேற்றில் தங்கும் சன்ஸ்க்ரீன்: அளவீட்டை எப்படி வாசிப்பது?

பவளப்பாறைகளைக் காக்க ஹவாய் மாநிலம் 2018இல் சட்டம் இயற்றியபோது இரண்டு வேதிப்பொருள்களின் பெயரைத்தான் அதில் எழுதியது: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட். இவற்றில் எது கலந்திருந்தாலும் அந்தச் சன்ஸ்க்ரீனை 2021 ஜனவரி 1 முதல் மருத்துவர் சீட்டின்றி அங்கே விற்கக் கூடாது. அன்றிலிருந்து சன்ஸ்க்ரீன் மாசு என்றாலே இந்த இரு பெயர்கள்தான் அடிபடுகின்றன. சேற்றை அள்ளி ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த பட்டியலோ வேறு.

ஸ்விட்சர்லாந்தில் 14 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கசடை ஆராய்ந்து 2006இல் வெளியான அளவீட்டைப் பார்க்கலாம். உலர்ந்த கசடு ஒரு கிலோவில் இருந்த புற ஊதா வடிகட்டிகள் சராசரியாக: ஆக்டைல் ட்ரையசோன் 5510 மைக்ரோகிராம், ஆக்டோகிரைலீன் 4840, 4-எம்பிசி 1780. ஆக்டினாக்ஸேட் 110தான். இத்தனைக்கும் களிம்புகளில் அது பரவலாகச் சேர்க்கப்படும் பொருள். ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுப் படுகையிலும் இதே போக்கு: 2011இல் வெளியான ஆய்வில் வண்டலில் மிகுதியாக இருந்தது ஆக்டோகிரைலீன். ஒரு கிராமுக்கு 2400 நானோகிராம் வரை போயிருந்தது.

காரணம் வேதியியலில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு நீர் பிடிக்குமா, எண்ணெய் பிடிக்குமா என்பதை ஆக்டனாலும் நீரும் இரு அடுக்காக நிற்கும் கலனில் போட்டு, எதில் எவ்வளவு சேர்கிறது என்ற விகிதத்தைக் கொண்டு சோதிப்பது வழக்கம். அந்த விகிதத்தின் மடக்கை மதிப்பு ஆக்ஸிபென்சோனுக்கு ஏறத்தாழ 3.8, ஆக்டோகிரைலீனுக்கு 6.9. மடக்கையில் மூன்று என்றால் ஆயிரம் மடங்கு. ஆக்டோகிரைலீன் நீரில் நிற்காமல் மண்துகளையும் கொழுப்பையும் பற்றிக்கொள்கிறது. ஆக்டினாக்ஸேட்டும் நன்றாக ஒட்டக்கூடியதுதான். ஆனால் நுண்ணுயிரிகள் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடுகின்றன. ஆக, கசடில் கிடைக்கும் செறிவைக் கொண்டு மக்கள் எவ்வளவு பூசிக்கொண்டார்கள் என்று கணக்குப் போட முடியாது. எது ஒட்டியது, எது சிதையாமல் தப்பியது, ஆய்வு முறை எதை மீட்டெடுத்தது என்ற மூன்றும் கலந்துதான் அந்த எண் உருவாகிறது.

இதைக் கவனிக்காததால் வரும் பிழைகளில் பெரியது ‘நீக்க வீதம்’ என்ற சொல்லில் இருக்கிறது. நிலையத்துக்குள் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் அளந்து, 95 சதவீதம் நீங்கியது என்று அறிக்கை எழுதிவிடலாம். எங்கே நீங்கியது? ஆக்டோகிரைலீனைப் பொறுத்தவரை பெரும்பகுதி தொட்டியின் அடியில் இருக்கிறது. ஸ்விஸ் சராசரியையே எடுத்துக்கொண்டால், ஒரு டன் உலர் கசடில் ஏறக்குறைய 5 கிராம். அந்தக் கசடை உலையில் எரித்தால் ஒரு முடிவு, வயலில் உரமாக இட்டால் வேறொரு முடிவு. ஸ்விட்சர்லாந்து கசடை வயலில் இடுவதையே நிறுத்திவிட்டது. கசடை அளக்காமல் சொல்லப்படும் நீக்க வீதம், செலவுப் பக்கம் இல்லாத கணக்குப் புத்தகம்.

கசடை அளந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில்லாத செரிப்புக் கலனில் கசடின் கரிமப் பொருளில் ஒரு பகுதி வாயுவாக மாறிப் போகிறது. 100 கிலோ உலர் கசடில் 300 மில்லிகிராம் வேதிப்பொருள் இருப்பதாகக் கொள்வோம், கிலோவுக்கு 3. செரித்த பின் 60 கிலோதான் மிஞ்சுகிறது, வேதிப்பொருள் சிதையவில்லை என்றால் அதே 300 மில்லிகிராம் இப்போது கிலோவுக்கு 5. புதிதாக ஒரு துளிகூடச் சேராமலேயே செறிவு கூடிவிட்டது. பச்சைக் கசடையும் செரித்த கசடையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைப்பது ஏன் தவறு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

இனி ஆய்வகத்துக்குள் போகலாம். உறைய வைத்து உலர்த்திய வண்டல் முகப்பவுடர் போல நுண்ணியதாகச் சலிக்கப்படுகிறது. அதில் ஒரு கிராம் எஃகுக் குப்பிக்குள் போகும். அடியில் அலுமினா படுகை, கொழுப்பையும் நிறமிகளையும் பிடித்து நிறுத்த. சுமார் 100 டிகிரி வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல நூறு மடங்கு அழுத்தத்தில் கரைப்பான் உள்ளே பாய்ந்து வேதிப்பொருளைக் கழுவிக்கொண்டு வருகிறது. அந்தச் சாறு நிறை நிறமாலைமானிக்குப் போகிறது.

இவ்வளவு கருவிகளையும் தோற்கடிக்க ஆய்வாளரின் விரல் போதும். ஐரோப்பாவில் களிம்பில் ஆக்டோகிரைலீன் 10 சதவீதம் வரை இருக்கலாம். அப்படிப்பட்ட களிம்பு ஒரு மில்லிகிராம், அதாவது கண்ணுக்குத் தெரியாத பூச்சு, குப்பியின் விளிம்பில் பட்டால் ஒரு லட்சம் நானோகிராம் உள்ளே போய்விடும். எப்ரோவின் உச்ச அளவைவிட நாற்பது மடங்கு! அதனால்தான் இந்த வேலையில் ஈடுபடுவோர் அன்று களிம்பு, உதட்டுப் பூச்சு எதுவும் போடுவதில்லை. கண்ணாடிக் கலன்களை உயர் வெப்பத்தில் சுடுகிறார்கள். மண்ணே இல்லாத வெற்று மாதிரியையும் முழுச் செயல்முறை வழியாக ஓட்டிப் பார்க்கிறார்கள். வெற்று மாதிரியின் அளவைத் தராத கட்டுரையில் வரும் ‘மிகச் சிறிய அளவில் கண்டறியப்பட்டது’ என்ற வரியை நம்புவதற்கு ஆதாரமில்லை.

மீட்பு வீதத்திலும் ஒரு சமாதானம் ஒளிந்திருக்கிறது. சுத்தமான வண்டலில் வேதிப்பொருளைச் சேர்த்து, மறுநாள் எடுத்துப் பார்த்து, 90 சதவீதம் திரும்பக் கிடைத்தது என்பார்கள். ஆற்றடியில் ஆண்டுக்கணக்கில் ஊறிய மூலக்கூறு அப்படி எளிதில் விட்டு வராது. டியூட்டீரியம் ஏற்றிய உள்நியமத்தை, அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளை, முன்கூட்டியே சேர்ப்பது கருவியின் தடுமாற்றத்தைச் சரிசெய்யும். இந்தப் பழைய பிடிப்பைச் சரிசெய்யாது.

வண்டலின் தன்மையும் எண்ணை மாற்றும்: மணலான இடமும் களியான இடமும் வேறு. கரிமக் கார்பன் 0.5 சதவீதம் உள்ள மணலில் கிராமுக்கு 10 நானோகிராம் வேதிப்பொருள், 2 சதவீதம் உள்ள களியில் 40 நானோகிராம் என்றால் இரண்டும் கார்பன் கணக்கில் சமமே. கார்பனைச் சொல்லாமல் களியைக் குற்றவாளியாக்குவது பொருந்தாது.

சன்ஸ்க்ரீனில் வரும் டைட்டானியம் டை ஆக்சைடு விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் மண்ணிலேயே டைட்டானியம் உண்டு. வியன்னாவின் பழைய டான்யூப் ஏரியில் ஓராண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, டைட்டானியத்தை அலுமினியம் போன்ற பிற தனிமங்களுடன் ஒப்பிட்டுத்தான் குளிப்போர் கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்த்தது.

மூலம் எது என்ற கேள்வி நம் ஆறுகளிலும் எழுகிறது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணியின் நீர், வண்டல், மீன் மூன்றிலும் பென்சோட்ரையசோல் வகைப் புற ஊதா நிலைப்படுத்திகளை அளந்த ஆய்வு 2018இல் வெளியானது. இந்த வகைப் பொருள்கள் முக்கியமாகச் சேர்க்கப்படுவது பிளாஸ்டிக்கிலும் வண்ணப்பூச்சிலும், வெயிலில் அவை வெளுக்காமல் இருக்க. இவற்றில் ஒன்றான யுவி-328ஐ 2023இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தடைப் பட்டியலில் சேர்த்தது. காவிரிச் சேற்றில் புற ஊதா வடிகட்டி கிடைத்தது என்றதும் படித்துறையில் குளித்தவர் பூசிய களிம்பைத் தேடிப் போவதற்கு முன், கரையோரம் வெயிலில் வெடித்துக் கிடக்கும் பிளாஸ்டிக் குடத்தையும் ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.