வகுப்பறையிலிருந்து ஜகார்த்தா வரை: செய்யத் அப்துல் ரஹீமும் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவியின் உருவாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

1951, 1962 ஆகிய இரு ஆசிய விளையாட்டு விழாக்களின் உதைபந்தாட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று கொடுத்தவர் ஹைதராபாத் ஆசிரியர் செய்யத் அப்துல் ரஹீம். அவரது வெற்றிக்கு ஆட்ட உத்தி மட்டும் காரணம் அல்ல. பாடசாலை, பொலிஸ் கழகம், நகரச் சங்கம் ஆகிய மூன்றும் ஒருவர் கையில் இணைந்திருந்ததே அடிப்படைக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. முன்னுரை

இலங்கையின் மாத்தளை மாவட்டத்துப் பாடசாலை மைதானம் ஒன்றில் மாலை வேளையில் விசிலோடு நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவே இருப்பார். அவருக்கும் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளருக்கும் இடையே இன்று பெருந்தூரம் உண்டு. உரிமப் படிப்புகளும் வெளிநாட்டு ஒப்பந்தங்களும் அந்தத் தூரத்தை வளர்த்துவிட்டன. தெற்காசிய உதைபந்தாட்டத்தின் ஆரம்பத்தில் நிலைமை அவ்வாறிருக்கவில்லை. 1952இல் கொழும்பில் தொடங்கிய நான்கு நாட்டுக் கொழும்புக் கிண்ணப் போட்டியில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகியவை மோதிய காலத்தில், இந்தப் பிராந்தியத்தின் மிகச் சிறந்த பயிற்றுவிப்பாளர் அடிப்படையில் ஒரு பாடசாலை ஆசிரியர்தான்.

2. ஹைதராபாத்: மூன்று பொறுப்புகள்

1909இல் பிறந்த ரஹீம் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, காச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களில் கற்பித்தவர். உடற்கல்வியிலும் பயிற்சி பெற்றிருந்தார். 1940களின் முற்பகுதியில் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கச் செயலாளரானார். நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது. செயலாளர் பதவியையும் பொலிஸ் அணியையும் அவர் இறுதிவரை விடவில்லை.

இந்தச் சேர்க்கை எவ்வாறு இயங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில்முறைக் கழகங்கள் இல்லாத அக்காலத்தில், வீரனுக்குச் சம்பளமும் அன்றாடப் பயிற்சிக்கான நேரமும் கொடுத்தது பொலிஸ் உத்தியோகம். சிறுவர்களை இனங்காண வழிசெய்தது பாடசாலைத் தொடர்பு. யாரை, எந்த விதியில், எந்தப் போட்டியில் ஆடவைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சங்கச் செயலாளருக்கு இருந்தது.

அந்த அதிகாரத்தைக் கொண்டு ரஹீம் போட்டிகளையே பாடமாக்கினார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளிகளை வெட்டி ஓடுவதைத் தடைசெய்த போட்டிகளும், பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டிகளும் அவர் ஏற்பாட்டில் நடந்தன. முதலாவது வகையில் பந்தை உடனே சகவீரனுக்குக் கொடுக்கும் பழக்கம் படிந்தது. இரண்டாவது வகையில் இரு கால்களும் தேறின.

விளைவு விரைவில் தெரிந்தது. ஹைதராபாத் நகரப் பொலிஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1950இல் டூரண்ட் கிண்ணமும் கிடைத்தது. மாநில அணி 1956, 1957ஆம் ஆண்டுகளில் சந்தோஷ் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

3. தோல்வியிலிருந்து கற்றல்

1951இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில், சாஹு மேவாலாலின் கோலால் ஈரானை 1–0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 எனத் தோற்றது. குளிர்ந்த தரையில் பலர் வெறுங்காலுடன் ஆடியிருந்தனர். அதன்பின் காலணி கட்டாயமாயிற்று.

ரஹீம் கண்ட குறை காலணியோடு நிற்கவில்லை. இருவர் மட்டும் பின்னால் நிற்கும் 2–3–5 அமைப்பு ஐரோப்பிய வேகத்துக்குத் தாங்காது என்பதையும் அவர் உணர்ந்தார். மூன்றாவது பின்காப்பாளரைச் சேர்த்தார். 1950களில் ஹங்கேரி அணி புகழ்பெறச் செய்த முறையில் மைய முன்கள வீரரைச் சற்றுப் பின்னிழுத்தார். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில், நெவில் டிசூசாவின் மூன்று கோல்களுடன் அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று இந்தியா அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே மீண்டும் யூகோஸ்லாவியாதான். இம்முறை முடிவு 1–4. பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பியது. நான்கு ஆண்டுகளில் பத்து கோல்கள் நான்காகக் குறைந்ததே இக்காலத்தின் வளர்ச்சிக்கு எளிய அளவுகோல்.

ரஹீம் பொறுப்பில் இல்லாத 1954, 1958 ஆசிய விழாக்களில் இந்தியா பதக்கம் பெறவில்லை என்பதும் இங்கே நினைவிற்கொள்ளத் தக்கது.

4. ஜகார்த்தா, 1962

தென்கொரியாவிடம் 0–2 என்ற தோல்வியுடன் தொடங்கிய அணி, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று தேறியது. தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் காயமுற்றுத் தையல் போடப்பட்ட பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கை ரஹீம் ஓய்வுக்கு அனுப்பவில்லை, முன்களத்துக்கு மாற்றினார். அரையிறுதியில் தென்வியட்நாம் 3–2 என வீழ்ந்தது. காய்ச்சலிலிருந்து மீண்ட தமிழரான பீட்டர் தங்கராஜ் இறுதியாட்டத்தில் கோல் காத்தார். செகந்தராபாத்தின் அம்முகூடாவில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த துளசிதாஸ் பலராம் முன்களத்தில் ஆடினார். இருவரும் ஹைதராபாத் மண்ணில் ஆடி வளர்ந்தவர்கள்.

இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்ததால், அரங்கம் இந்தியாவுக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தது. செப்டெம்பர் 4ஆம் திகதி, பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் அடித்த கோல்களால் இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்றது. புற்றுநோயோடு போராடிய ரஹீம் 1963 ஜூன் 11ஆம் திகதி காலமானார்.

5. முடிவுரை

அவர் வளர்த்த வீரர்கள் பலரைக் கொண்ட அணி, ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயரின் பயிற்சியில் 1964 ஆசியக் கிண்ணத்தில் இரண்டாம் இடம் பெற்றது. 1970 ஆசிய விழாவில் வெண்கலம் கிடைத்தது. அதன்பின் ஆசிய விழா உதைபந்தாட்டத்தில் இந்தியாவுக்குப் பதக்கம் இல்லை. வீரர்கள் எஞ்சியிருக்கும்வரை வெற்றியும் எஞ்சியது. அவர்களை உருவாக்கிய ஏற்பாடு அவருடன் முடிந்தது. ஒருவர் தோளில் மூன்று பொறுப்புகளும் இருந்தது ரஹீமின் பலம். அவருக்குப் பின் அதைச் சுமக்க யாரையும் ஆயத்தப்படுத்தாதது நிர்வாகத்தின் குறை. ரஹீமின் வழியை இலங்கையில் பின்பற்ற விரும்புவோர் தேசிய அணியின் ஒப்பந்தத்திலிருந்து அல்ல, மாத்தளை போன்ற மாவட்டங்களின் பாடசாலை மைதானத்திலிருந்தும், அந்த மாவட்டச் சங்கம் எத்தகைய போட்டிகளை நடத்துகிறது என்பதிலிருந்துமே தொடங்க வேண்டும்.