மரியான் நார்த்: மரத்தை அதன் மண்ணோடு வரைந்தவர்

திண்டிவனம் என்ற பெயர் 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஊர்க் கோயிலில் சிவனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றுதான் பெயர். நம்மிடம் சாமியும் மரமும் இப்படிச் சேர்ந்தே இருப்பதைப் படமாக்க முனைந்த ஒரு விக்டோரியா காலத்துப் பெண்மணி உண்டு. அவர்தான் மரியான் நார்த்.

1830-ல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் பிறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அப்பா 1869-ல் இறந்தார். 1871-ல், நாற்பது வயதில், வண்ணப்பெட்டியோடு உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார். வட அமெரிக்கா, ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், ஜாவா என்று போய்க்கொண்டே இருந்தார்.

1877 கடைசியில் தூத்துக்குடி வந்து, மதுரை வழியாகத் தஞ்சாவூர் போனார். தாது வருடப் பஞ்சத்தின் கொடுமை இன்னும் தீராத நேரம் அது. அவர் வரைந்த பூக்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தஞ்சையில் அவரை உபசரித்தவர் ஜட்ஜ் ஆர்தர் பர்னல். அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டாரே, அதே பர்னல்தான். இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகொடிகளை வரையும்படி தூண்டியதும் அவரே. 1879 வரை இந்தியாவில் இருந்த நார்த், இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார்.

நம் பக்கத்தில் தாவர ஓவியம் புதிதல்ல. அவருக்கு முன்பே ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற நம்மவர்கள் அற்புதமாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் அவை வெள்ளைத்தாளில் இலை, பூ, காய் எனப் பிரித்துக் காட்டும் அறிவியல் படங்கள். நார்த் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். செடிக்குப் பின்னால் மலை, குளம், கோபுரம் எல்லாம் இருக்கும். அதனால்தான் அவை இன்று வரலாற்று ஆவணமும்கூட.

1882-ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் தன் செலவிலேயே ஓவியக்கூடம் கட்டிக் கொடுத்தார். வடிவமைத்தவர் இந்தியக் கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன். வருபவர்களுக்கு டீ, காபி தர வேண்டும் என்று கேட்டார். பூங்கா நிர்வாகம் மறுத்துவிட்டது. சரி என்று வாசலுக்கு மேல் தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் வரைந்துவைத்தார்! எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அதே 1882-ல் பர்னல் இறந்துபோனார். நார்த் 1890-ல் மறைந்தார். பயண நினைவுகளைத் தங்கை தொகுத்து 1892-ல் வெளியிட்டார்.

திண்டிவனம்-விழுப்புரம் சாலை நான்கு வழியானபோது பழைய புளியமரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. எந்த மரம் எந்த வளைவில் நின்றது என்று இனி யாரைக் கேட்பது? மரத்தை மட்டும் வரைந்தால் அது தாவரவியல். நின்ற இடத்தோடு சேர்த்து வரைந்தால் ஊர் வரலாறு. நம் கோயில்களில் தலவிருட்சங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றையாவது சுற்றுப்புறத்தோடு படமெடுத்து, தேதி எழுதி வைப்போம்.