சாலையில் இல்லாத கடல்: பார்த்திவபுரச் செப்பேட்டை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

பழைய கல்விக்கூடமான காந்தளூர்ச் சாலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை வகுத்த வழியிலேயே நடக்கிறார்கள். சேர சோழர் 'நூற்றாண்டுப் போர்' என்று அவர் பெயரிட்ட காலத்தில், வேதம் ஓதிய சாலைகள் படைப்பயிற்சிக் கூடங்களாக மாறின. சாலை மாணவரான சாத்தர்கள் வாளேந்தினர் என்பது அவர் கருத்து. முதலாம் இராசராசனின் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்ற மெய்க்கீர்த்தித் தொடரில் உள்ள கலத்தைக் கப்பலாகக் கொண்டு இக்கருத்தோடு சேர்த்துவிட்டால், சாலை கடற்படைக் கல்லூரியாகிவிடுகிறது. இளங்குளம் இந்த எல்லைவரை போகவில்லை. ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு அங்கேதான் கொண்டுபோய் விடும். அந்தக் கதவுக்குச் செப்பேட்டில் நிலை இருக்கிறதா என்பதே என் கேள்வி.

செப்பேடு என்று நான் சொல்வது, திருவனந்தபுரம் உசூர் அலுவலகத்திலிருந்து கிடைத்த, ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பட்டயத்தை. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் இதைப் பதிப்பித்தார். அம்மன்னனின் 9-ஆம் ஆட்சியாண்டோடு கலியுக நாள் 14,49,087 என்றும் இதில் குறிக்கப்பட்டுள்ளது. கணக்கிட்டால் கி.பி. 866-இன் நடுப்பகுதி வருகிறது. தென்னாட்டுச் சாசனங்களில் இவ்வளவு உறுதியான காலம் கிடைப்பது அரிது. முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து மன்னன் ஒரு விளையைப் பெறுகிறான். அங்கே விட்டுணு கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, காந்தளூர் முறைப்படி 95 சாத்தருக்குச் சாலை அமைக்கிறான். இன்றைய பார்த்திவபுரம் அதுதான். 1956 நவம்பர் 1-இல் வரைந்த மாநில எல்லை விளவங்கோட்டை இன்றைய தமிழ்நாட்டிலும் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களைக் கேரளத்திலும் வைத்தது. 9-ஆம் நூற்றாண்டுக்கு இது ஒரே ஆய் நாடு. (பாறசாலை என்ற பெயரின் ஈற்றைப் பார்த்து அங்கும் ஒரு சாலை இருந்தது என்று சொல்லும் ஆசை எழலாம். சாசனச் சான்றின்றி அதை நான் ஏற்கமாட்டேன்.)

95 இடங்களும் மூன்று வேதப் பிரிவினருக்குப் பகுக்கப்படுகின்றன: பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14. சேர வருவோர் வியாகரணம், மீமாம்சை, பௌரோகித்தியம் ஆகியவற்றில் தேர்ச்சியும் 'திரைராச்சிய வியவகாரத்துக்கு' வேண்டிய அறிவும் உடையவராயிருக்க வேண்டும். ஒழுக்க விதிகள் தொடர்கின்றன. ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம். கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது.

இந்த ஆயுதத் தடை இளங்குளத்தின் வாதத்துக்கு வலுவான துணை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயுதமே தொடாதவர்களுக்கு யாரும் தடை விதிக்கமாட்டார்கள். சாத்தர்களிடம் ஆயுதம் இருந்தது. ஆனால் ஆயுதம் வைத்திருப்பது வேறு, ஆயுதப் பயிற்சி ஒரு நிறுவனத்தின் பாடமாக இருப்பது வேறு. தகுதிகளை இவ்வளவு நுணுக்கமாக வரையும் பட்டயம் வில்லையும் வாளையும் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. மேலும் இது போருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. போர் சாலையைப் படைக்கூடமாக்கியது என்றால், போருக்கு முன்பே உள்ள ஆயுதத்துக்கு வேறு விளக்கம் வேண்டும். அதை இளங்குளத்திடம் நான் காணவில்லை.

கடல் இந்தப் பட்டயத்துக்குள் நுழைய ஒரே இடுக்கு 'திரைராச்சிய வியவகாரம்' என்ற தொடர்தான். மூன்று அரசுகளின் நடைமுறை என்றால் சேர, சோழ, பாண்டியரோடு நடத்தும் காரியங்கள் என்று கொள்வது இயல்பு. ஆய் நாட்டின் வலிமை விழிஞத் துறைமுகத்தில் இருந்தது. விழிஞத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் மேற்காசியச் சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. அப்படியொரு துறையை வைத்திருந்த அரசு, மூவேந்தரோடு பேசியதில் சுங்கமும் சரக்கும் கரையொதுங்கிய மரக்கலங்களின் உரிமையும் இல்லாமலா இருந்திருக்கும்? இதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயினும் நான் அழுத்திச் சொல்வேன்: கடல் சாலைக்குள் வந்திருந்தால் வழக்காகவும் கணக்காகவும் வந்திருக்கும், பாயாகவும் துடுப்பாகவும் வந்திருக்காது.

இனி 'கலம்'. அது கப்பலா, உண்கலமா, வழக்கா என்ற பழைய சண்டையை இங்கே தீர்க்கவேண்டிய தேவையில்லை. நீலகண்ட சாத்திரியார் கொண்டபடி கப்பலே என்று வைத்துக்கொண்டாலும், துறையில் நின்ற கப்பல்களைச் சோழன் அழித்தான் என்பதிலிருந்து அருகிலிருந்த பள்ளியில் கடலோட்டம் கற்பித்தார்கள் என்பது பெறப்படாது. காந்தளூரின் இடமும் முடிவாகவில்லை. திருவனந்தபுரத்து வலியசாலையைச் சுட்டுவோர் பலர். இராசராசனின் படைத்தலைவன் கடலையே அகழியாக உடைய விழிஞத்தைக் கொண்டதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. காந்தளூரின் பெயரை அது எடுப்பதில்லை. இரண்டும் ஒரே படையெடுப்பின் இரு பெயர்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு; ஐயத்துக்கு மேல் போகச் சான்று போதவில்லை.

அப்படியானால் கடல் எங்கே கற்கப்பட்டது? கடலிலேயே. பொழியூர், பூவார், விழிஞம், எல்லைக்கு இப்பால் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர்க் கரைகளில் இன்றும் 'கணிச்சம்' பார்க்கிறார்கள். கரையில் தெரியும் மலைமுகட்டையும் முன்னால் உள்ள கோபுரத்தையும் ஒரு கோட்டில் சேர்த்து, இன்னொரு திசையில் அதேபோல் வேறு இரண்டு குறிகளைச் சேர்த்தால், இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலடிப் பாறைத்திட்டான 'பார்' இருக்கும். நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, கச்சான் காற்று எப்போது திரும்பும் என்பதெல்லாம் கட்டுமரத்தில் ஏறிய பையன் தகப்பனிடம் கேட்டும் கைவைத்தும் அறிந்தவை. இதன் பழமைக்குத் தேதி சொல்வது கடினம். தேவாலயக் கோபுரத்தைக் குறியாகக் கொண்ட கணிச்சம் 16-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. மலைமுகடுகளை மட்டும் கொண்டவை அதற்கு மிக முந்தியும் இருக்கலாம். ஆய் நாட்டு மீன்பிடிப்போர் இதையே செய்தார்கள் என்று நான் நம்புகிறேன், நிறுவ முடியாது.

பள்ளியும் கடலும் சேர்ந்த வரலாறு மிகப் பிந்தியது. 1927-இல் பம்பாயில் தொடங்கிய 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் துறையில் நங்கூரமிட்டு நின்றபடியே மாலுமிகளை உருவாக்கியது. 1937-இல் பிறந்த திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் விரைவிலேயே கடல் உயிரியலைப் பாடமாக்கியது. அதன் வழிவந்த கேரளப் பல்கலைக்கழகத்தின் 'காங்க்' ஆய்வுக்கலம் 1960-களின் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் நீர் மாதிரி எடுத்தது. பாய்மரம் கடற்படைப் பயிற்சிக்குத் திரும்பியது 1997-இல். கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, கொச்சியைத் தளமாகக் கொண்ட 'தரங்கிணி' மூன்று பாய்மரங்களோடு கடற்படைப் பயிற்சியாளர்களை ஏற்றிச் சென்றது. 2012-இல் 'சுதர்சினி' அதனோடு சேர்ந்தது. ஆனால் இவை மாலுமிகளுக்கான கல்வி. கல்லூரி மாணவர் பாய் இழுத்துக்கொண்டே கடலை ஆராயும் கல்விப் பருவம் அல்ல.

அதற்கு அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலுக்குத்தான் போகவேண்டும். 1971-இல் தொடங்கிய கடற்கல்விச் சங்கம் மாணவர்களை ஒரு பருவத்தின் பாதி கரையிலும் பாதி பாய்மரக் கப்பலிலும் படிக்க வைக்கிறது. 1986 முதல் 2008 வரை அம்மாணவர்கள் வட அட்லாண்டிக்கில் வலை இழுத்துச் சேர்த்த பிளாஸ்டிக் துகள்களின் கணக்கு, 2010-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. கற்பவரே கடலின் சாட்சியாகவும் ஆகும் இந்த முறைக்கு இக்கரையில் முன்னோடியைத் தேடுவோர் பார்த்திவபுரத்துக்குப் போவதை விடப் பொழியூருக்குப் போவதே முறை. கணிச்சக் குறிகளில் எவை கோபுரம், எவை மலை என்று ஊர் ஊராகப் பிரித்து எழுதினால் அவற்றின் காலமுறையாவது ஓரளவு தெளியும்.